நெற்றை அரைத்தால் மரம் குறையுமா?

2006இல் கென்யத் தலைநகர் நைரோபியில் தொடுக்கப்பட்ட ஒரு வழக்குக்குப் பல் போன ஆடு ஒன்றைச் சாட்சியமாக ஓட்டிவந்தார்கள். பாரிங்கோ ஏரிப் பகுதியில் மாடும் ஆடும் மேய்த்துப் பிழைக்கும் இல்சாமுஸ் மக்கள் தங்கள் அரசின் மீதே போட்ட வழக்கு அது. 1980களின் தொடக்கத்தில் விறகுப் பஞ்சம் தீரும், மண் அரிப்பு நிற்கும் என்று சொல்லி, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு அங்கே ஒரு மரத்தை நட்டார்கள். இருபது ஆண்டுகளில் அது மேய்ச்சல் நிலத்தை மூடிவிட்டது. புல் இல்லாத ஆடுகள் மரத்தடியில் விழுந்த இனிப்பு நெற்றையே தின்றன. நெற்றின் சர்க்கரை பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு பல்லைச் சொத்தையாக்கியது. பல் விழுந்த ஆட்டால் மேய முடியவில்லை, பட்டினியில் செத்தது. ஆட்டைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க முடியாதுதான். ஆனால், அதன் வாயைத் திறந்து காட்டினாலே போதுமாக இருந்தது. 2007இல் தீர்ப்பு மேய்ச்சல்காரர்கள் பக்கம் வந்தது.

அந்த மரத்தை அவர்கள் ‘மத்தெங்கே’ என்கிறார்கள். நாம் சீமைக் கருவேலம் என்கிறோம். ஊருக்கு ஊர் வேலிக்காத்தான், காட்டுக்கருவை என்றும் பெயர் உண்டு.

வழக்கு நடந்த அதே ஆண்டுகளில் அதே பாரிங்கோவில் இன்னொன்றும் நடந்தது. ஆட்டின் பல்லைக் கெடுத்த அந்த நெற்றையே பொறுக்கிக் காயவைத்து, எடைபோட்டு விற்று, அரைத்துத் தீவனமாக்கும் வேலையைக் கிராமத்தார் தொடங்கினார்கள். கென்ய வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சைமன் சோகேயும் அவரோடு வேலைபார்த்தவர்களும் இன்னும் ஓரடி போய், நெற்று மாவைச் சோள மாவோடு கலந்து மனிதர் உண்ணும் பண்டமாகச் சமைத்துக் காட்டினார்கள். அழிக்க முடியாததைப் பயன்படுத்தியே அடக்கலாம் என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராமநாதபுரத்துக்கும் விருதுநகருக்கும் இது பொருந்துமா என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த மரத்தோடு நாம் இதுவரை நடத்திய மல்லுக்கட்டைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நம்மூரில் இது வந்த விதம் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம். காமராஜர் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள் என்பது ஒன்று. விமானத்திலிருந்து விதை தூவினார்கள் என்பது இன்னொன்று. ஆவணங்கள் காட்டுவது இன்னும் பழைய காலத்தை: 1870களின் பிற்பகுதியில், சென்னை மாகாண வனத்துறை விதை வரவழைத்துக் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றியது. ராஜஸ்தானின் மார்வார் சமஸ்தானம் 1940இல் இதை அரச மரியாதைக்குரிய தாவரமாகவே அறிவித்தது. வறண்ட மண்ணில் பச்சையாக நிற்கும் எதைக் கண்டாலும் அன்றைய நிர்வாகிகளுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

பிறகு வெறுப்பின் காலம் வந்தது. 2015இல் அரசியல் தலைவர் வைகோ இந்த மரத்தை அகற்றக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2017இல் நீதிமன்றம் மாவட்டம் மாவட்டமாகக் கெடு வைத்தது. வழக்கறிஞர்கள் ஆணையர்களாக ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். மாணவர்களும் கட்சித் தொண்டர்களும் அரிவாளோடு கிளம்பினார்கள். கண்மாய்களில் பொக்லைன் இறங்கியது. காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, நிழலில் கட்டிய மாட்டை மலடாக்குகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் அறிவியலாயிற்று. அதே ஆண்டு சென்னை அமர்வு இடைக்காலத் தடை விதித்து, ஆராய்ந்து சொல்லக் குழு கேட்டது. 2022இல் அயல் தாவரங்களை அகற்ற மாநில அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. இத்தனைக்கும் பிறகு பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர் வழியாகச் சாயல்குடி வரை ஒருமுறை பேருந்தில் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் யார் நிற்கிறார்கள் என்று தெரியும்.

வெட்டினால் இந்த மரம் சாவதில்லை. தரையோடு அறுத்த தூரிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகக் கிளைக்கும். மூன்று நான்கு ஆண்டில் அவை மணிக்கட்டுப் பருமனாகும். கரிமூட்டத்துக்கு அந்தப் பருமன்தான் வாகு. கட்டைகளைக் குவித்து அடுக்கி, மேலே செத்தையும் மண்ணும் போட்டு மூடி, காற்றுத் துளையை அளந்து திறந்து, நாள்கணக்கில் புகையவிட்டு எடுக்கும் கரி லாரி லாரியாகப் போகிறது. மானாவாரி பொய்த்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. அதை இகழ எனக்கு மனமில்லை. ஆனால், அந்தத் தொழிலின் கணக்கைப் பாருங்கள். கண்மாய்க் கருவேலை ஏலத்துக்கு விடுகிறார்கள். ஏலம் எடுத்தவர் தரைமட்டத்தில் அறுத்துக்கொண்டு போகிறார். தூரோடு பெயர்த்தால் பொக்லைன் வாடகையே ஏலத் தொகையைத் தின்றுவிடும். தூர் அப்படியே இருப்பதால் சில ஆண்டுகளில் திரும்ப ஏலம் விடலாம். வெட்டுகிறவருக்கும் லாபம், விடுகிறவருக்கும் வருமானம், மரத்துக்கும் ஆயுள். மூன்று தரப்பும் மகிழ்ச்சியாக இருக்கும் ஏற்பாட்டில் ஒழிப்பு எப்படி நடக்கும்?

இங்கேதான் நெற்று வேறுபடுகிறது. கரித்தொழில் மரத்தின் உடலைத் தொடுகிறது, வம்சத்தைத் தொடுவதில்லை. ஒரு சாண் நீளமுள்ள நெற்றில் இருபதுக்கு மேல் விதை இருக்கும். ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியாகக் கெட்டி ஓடு. மாடு நெற்றைத் தின்றால் விதைகளில் பெரும்பகுதி அரைபடாமல் வயிற்றைக் கடந்து சாணத்தோடு விழும். வயிற்றின் அமிலத்தில் ஓடு இளகிவிடுவதால் மழை கண்டதும் முளைக்கும். எருவும் கூடவே இருக்கிறது. ஆடு கொஞ்சம் கடித்து அரைக்கும், ஆனாலும் தப்பிக்கும் விதை ஏராளம். இரவில் அசைபோடும்போது துப்பும் விதையும் பட்டியில் கிடக்கும். அந்தப் பட்டி எரு வயலுக்குப் போகிறது. கிடை ஆடுகள் மாவட்டம் விட்டு மாவட்டம் போகின்றன. மழை வெள்ளம் மிச்சத்தைக் கண்மாய்க்குள் சேர்க்கிறது. கீழே விழுந்த நெற்றைக் கால்நடைக்கு முன்னால் மனிதர் பொறுக்கி, விதையோடு சேர்த்து மாவாக்கிவிட்டால், ஒவ்வொரு மூட்டையிலும் பல்லாயிரம் முளைகள் அங்கேயே முடிந்துபோகின்றன. தொழில் நடப்பதாலேயே களையின் விதை சாகிறது என்று சொல்லக்கூடிய தொழில் எனக்குத் தெரிந்து இந்த மரத்தில் இது ஒன்றுதான்.

இதிலிருந்து இன்னொன்றும் தானாக வருகிறது. இது ஊருக்குள் நடக்க வேண்டிய சிறுதொழில். பெரிய ஆலைக்கு உகந்ததே இல்லை. அரைக்காத நெற்றை மூட்டை கட்டி நூறு கிலோமீட்டர் லாரியில் ஏற்றினால், வழிநெடுக விதை சிந்தும். இறக்கிய ஊரில் புதிதாக ஒரு காடு எழும். மரம் நிற்கும் ஊரிலேயே அரைத்து, மாவாக மட்டும் வெளியே அனுப்ப வேண்டும். பத்துப் பேர் கொண்ட மகளிர் குழுவும், சுத்தியல் வகை அரவை இயந்திரம் ஒன்றும், காயப்போட ஒரு களமும் போதும். முண்டு மிளகாயைப் பரப்பிக் காயவைத்துப் பழகிய ஊர்களுக்குக் களமும் புதிதில்லை, வெயிலும் புதிதில்லை.

ஆனால், வேலை சுலபம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சித்திரை வெயிலில் முள்ளுக்கு அடியில் குனிந்து பொறுக்க வேண்டும். அந்த முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். சில நேரம் சீழ் வைக்கும். வைக்கோல் நிறத்துக்குப் பழுத்த நெற்றை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு கோடை மழை நனைத்த நெற்றில் கரும்பூசணம் பிடிக்கும். அதை ஒதுக்கச் சோம்பினால் முழு மூட்டையும் கெடும். பூசண நஞ்சு தீவனத்துக்குள் போகும். அரைக்கும்போதுதான் பெரிய சோதனை. நன்றாகக் காய்ந்த நெற்றை ஒடித்தால் ‘டக்’கென்று முறியும். காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினால், உள்ளிருக்கும் சர்க்கரை அதை இழுத்துக்கொண்டு நெற்று தோல்வாராக வளையும். அப்படி வளைகிறதை இயந்திரத்தில் போட்டால் சல்லடைக் கண்களில் பிசினாக அப்பிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்திச் சுரண்டுவதிலேயே பொழுது போய்விடும். ஆகவே காலையில் காயப்போட்டு, உச்சி வெயில் சூடு இறங்குவதற்குள் அரைத்து, உடனே காற்றுப் புகாத பையில் கட்டிவிட வேண்டும். சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் விதை முழுசாக வெளியே வரும். அந்த மாவை வாங்கிப்போகிற பண்ணைக்காரர் தன்னையறியாமல் சீமைக் கருவேலம் விதைக்கிறார். மொத்தத் திட்டத்தின் நேர்மையும் அந்தச் சல்லடைக் கண்ணின் அளவில் இருக்கிறது. இதற்கு ஒரு தர அளவை கால்நடைப் பல்கலைக்கழகமோ வேளாண் பொறியியல் துறையோ வகுத்துத் தர வேண்டும்.

சரி, அரைத்ததை யார் தின்பது? முதல் பதில் ஆடும் மாடும்தான். புரதமும் சர்க்கரையும் உள்ள தீவனம் இது. தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் விலை ஏறும் கோடையில் ஒரு பங்காகச் சேர்க்கலாம். ஒரு பங்கு என்பதை அழுத்தித்தான் சொல்கிறேன். பிரேசிலின் வடகிழக்கு வறண்ட மாநிலங்களில், தீவனத்தில் பாதிக்கு மேல் இந்த நெற்றையே போட்டு மாதக்கணக்கில் வளர்த்த மாடுகளுக்கு நரம்பு நோய் கண்டது. தாடைத் தசை சூம்பி, முகம் ஒரு பக்கமாகக் கோணி, நாக்குத் தொங்கி, அசைபோட முடியாமல் இளைத்துச் செத்தன. நெற்றிலுள்ள ஆல்கலாய்டு அதற்குக் காரணம் என்று பின்னர் கண்டார்கள். பாரிங்கோ ஆட்டின் பல்லும் பிரேசில் மாட்டின் தாடையும் சொல்வது ஒன்றுதான்: இது பஞ்சகாலத்துப் பக்கத் துணை, முழுச் சாப்பாடு கிடையாது. தீவனப் பையின் மேல் அளவைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடாத குழுவுக்கு விற்கும் அனுமதியே கொடுக்கக் கூடாது.

மனிதர் உண்பதைப் பற்றி ஆசைப்படுவதற்கும் இடமிருக்கிறது. பெரு நாட்டின் வடக்கே பியூராப் பகுதியில் இதன் பங்காளி மரம் ஒன்றின் நெற்றை உடைத்து வேகவைத்து, பிழிந்து வடிகட்டி, அந்தச் சாற்றைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். கறுத்து, கெட்டிப் பாகாக இறங்கும் அதற்கு ‘அல்கரோபினா’ என்று பெயர். பாலில் கலக்கிறார்கள், பலகாரத்தில் ஊற்றுகிறார்கள், பிஸ்கோ என்னும் சாராயத்தில் சேர்த்து விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள். அங்கே அது மண்ணின் மரம். கோழி சுடும் கடைகளின் கரிக்காக அதை வெட்டுகிறார்களே என்பது அவர்கள் கவலை. இந்தியாவிலும் ஜோத்பூரின் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் சீமைக் கருவேல நெற்றை வறுத்துக் காபிக்கு மாற்றான பொடியும் பிஸ்கட்டும் செய்து காட்டியிருக்கிறது.

பாகு காய்ச்சும் வேலையைச் சாயல்குடிக்கு யாரும் பெரு நாட்டிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் வீடுகளில், எப்போது நுரை அடங்கும், எப்போது தீயைக் குறைக்க வேண்டும், துடுப்பிலிருந்து விழும் பாகு எந்தப் பதத்தில் நூலாக நீளும் என்பதெல்லாம் கைக்குத் தெரியும். அடுப்பெரிக்கவும் அதே மரம் இருக்கிறது. ஆனால் இரண்டு சங்கடங்கள். பதநீர் இறங்கும் காலமும் நெற்று விழும் காலமும் பெரும்பாலும் ஒன்றே. கைகள் இரண்டு வேலைக்கும் போதாது. அடுத்தது ருசி. பெருவின் பங்காளி மரத்துக்கு உள்ள சீரான இனிப்பு நம் மரத்துக்கு இல்லை. இங்கே மரத்துக்கு மரம் மாறும். ஒன்று இனிக்கும், பக்கத்து மரம் துவர்க்கும், சிலது கசக்கும். எந்த மரத்து நெற்று இனிப்பு என்று ஆட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். ஆடு எங்கே ஓடுகிறது என்று பார்த்தவர் அவர்தானே.

சட்டமும் இருக்கிறது. இந்த நாட்டில் உண்டு பழகிய வரலாறு இல்லாத பொருளை உணவாக விற்க, 2017ஆம் ஆண்டு விதிகளின்படி உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் முன் அனுமதி வேண்டும். நச்சுப் பரிசோதனை, ஆவணங்கள் என்று நீளும் அந்த வேலையைக் கமுதியின் மகளிர் குழு செய்ய முடியாது. செய்யச் சொல்வதும் நியாயமில்லை. ஒரு பல்கலைக்கழகமோ ஜோத்பூர் நிறுவனமோ எல்லாக் குழுக்களுக்குமாக ஒருமுறை வாங்கித் தர வேண்டும். அதுவரை காபியும் பிஸ்கட்டும் கண்காட்சி மேசையில் இருக்கட்டும். ‘இயற்கை உணவு’ என்று லேபிள் ஒட்டி நகரத்தில் விற்கக் கிளம்புகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆடு தின்கிறது, நாமும் தின்னலாம் என்ற தர்க்கத்துக்குப் பிரேசில் மாடு பதில் சொல்லிவிட்டது.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. 1980களில் தென் அமெரிக்காவின் நன்னீர் நத்தை ஒன்று தைவான் வழியாகப் பிலிப்பைன்ஸுக்கு வந்தது. வந்தது திருட்டுத்தனமாக அல்ல. ஏழை விவசாயி வீட்டுக் கொல்லையில் வளர்க்கலாம், புரதம் கிடைக்கும், ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்று கிராமச் சிறுதொழிலாகவே அதைப் பரப்பினார்கள். ருசி யாருக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை, சந்தை அமையவில்லை. தொட்டியிலிருந்து தப்பியதும் தூக்கி எறிந்ததுமாக நத்தை வாய்க்காலில் இறங்கியது. நட்ட நாற்றைத் தின்றது. நெல் தண்டில் ரோஜா நிற முட்டைக் கொத்துகள் ஆசியா முழுக்கத் தெரிய ஆரம்பித்தன. அதைக் கொல்லத் தெளித்த மருந்தில் விவசாயிகளின் நகமும் தோலும் கெட்டன. கடைசியில் அங்கே எழுந்த யோசனைகளில் ஒன்று, அதைப் பொறுக்கித் தேங்காய்ப்பாலில் சமைத்துத் தின்னுங்கள், வாத்துக்குப் போடுங்கள் என்பது. சிறுதொழிலாக வந்த பீடைக்குச் சிறுதொழிலே மருந்து! நான் சொல்லும் நெற்று ஆலைக்கும் இந்தக் கதை ஓர் எச்சரிக்கைதான்.

ஏனென்றால், தொழிலுக்கு மூலப்பொருள் வேண்டும். வங்கியில் ஐந்தாண்டு, ஏழாண்டுத் தவணையில் கடன் வாங்கி இயந்திரம் போட்ட குழு, கண்மாயில் மரமே இல்லாமல் போக வேண்டும் என்று எப்படி விரும்பும்? பொக்லைன் வரும் நாளில் அந்தப் பெண்களே குறுக்கே நின்றால் அவர்களைக் குறைசொல்ல யாருக்கு யோக்கியதை? கரித்தொழிலில் ஏற்கெனவே நடந்ததுதான் இது. மரத்தைத் திட்டிக்கொண்டே மரத்தைக் காப்பாற்றும் பொருளாதாரம். நெற்றிலும் அதையே இன்னொரு தடவை கட்டிவிடக் கூடாது.

அதற்கு வழி, தொழிலை முதல் நாளிலிருந்தே மரத்திடமிருந்து பிரித்து வைப்பது. நெற்றுக்காக மட்டுமே ஓர் இயந்திரம் வாங்கக் கூடாது. நாட்டுக் கருவேல நெற்று, சோளத்தட்டை, கடலைக்கொடி, குதிரைவாலி, கம்பு என்று வருடம் முழுக்க எதையாவது அரைக்கும் ஊர்த் தீவன ஆலையாக அது அமைய வேண்டும். சீமைக் கருவேல நெற்று அதற்குக் கோடையின் இலவச மூலப்பொருளாக மட்டும் இருக்கட்டும். 2020இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு நிறுவனத் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம், ₹10 லட்சம் வரை அறிவிக்கப்பட்டது. குழு உறுப்பினருக்குத் தலா ₹40,000 தொடக்க நிதியும் அதில் இருந்தது. அதுபோன்ற திட்டங்களில் கேட்கும்போதே இப்படித் திட்டமிட்டுக் கேட்கலாம். ஆலைக்கு மரம் தேவைப்படாத நிலை வந்தால்தான் மரத்தைப் பெயர்க்க ஊர் சம்மதிக்கும்.

பெயர்த்த நிலத்தை வெறுமனே விட்டாலும் காரியம் கெடும். மண்ணில் புதைந்த விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த ஐப்பசி மழைக்கு அது முளைக்கும். விரல் பருமனில் இருக்கும்போது பிடுங்க யாராவது வருடா வருடம் வர வேண்டும். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் செய்கிறோம் என்று காகிதத்தில் எழுதலாம். ஆனால் நெற்று பொறுக்கும் பெண்கள்தான் எந்தக் கரையில் என்ன முளைக்கிறது என்று தெரிந்தவர்கள். பொறுக்கும் உரிமையையும் கன்று பிடுங்கும் கூலியையும் ஒரே குழுவிடம் சேர்த்துக் கொடுத்தால், ஒரு வேலையின் அறிவு இன்னொன்றுக்கு உதவும்.

உரிமை என்று சொல்லும்போது, இன்று அந்த நெற்று யாருடையது என்ற கேள்வி வரும். கண்மாய் மரத்தை ஏலம் எடுத்தவர், அடியில் கிடக்கும் நெற்றும் எனதே என்பார். நீர்வளத் துறை தனது என்னும், ஊராட்சி தனது என்னும். விலையில்லாத வரை யாரும் கேட்க மாட்டார்கள். மூட்டைக்கு நூறு ரூபாய் என்றானதும் எல்லாரும் கேட்பார்கள், பொறுக்கிய பெண் வெறுங்கூலியாக ஒதுக்கப்படுவாள். இதை இப்போதே முடித்துவிடலாம். ஏல நிபந்தனையில் மூன்று வரி சேர்த்தால் போதும்: விழுந்த நெற்று ஊர் மகளிர் குழுவுக்கே உரியது, வெட்டுகிறவர் தூரோடு பெயர்க்க வேண்டும், அதற்கான செலவைக் கழித்தே ஏலத் தொகை வைக்கப்படும். ஊராட்சிக்கு வருமானம் குறையும் என்று முணுமுணுப்பு எழும், எழட்டும். சட்டமன்றம் கூட வேண்டிய காரியமில்லை இது. மாவட்ட ஆட்சியர் கையெழுத்திட்டு அனுப்பும் ஒரு சுற்றறிக்கையில் முடியும், அதுவும் சித்திரை பிறப்பதற்குள்.